இடது கைக்கு ஒரு ஓரம்

– அதை எடுத்த இடத்துலயே வை.

– வைக்கிறேன். அதுக்கு ஏன் இந்தப் பதட்டம்? தலையைக்கூடத் துவட்டாம துண்டோட ஓடி வர்றீங்க. தரையெல்லாம் சொட்டுது பாருங்க.

– என் பையை எதுக்குத் திறந்த?

– டிபன் பாக்ஸ் எடுக்க. வெள்ளிக்கிழமை சாப்பிட்டதை ஞாயித்துக்கிழமை வரைக்கும் பையிலேயே ஊற வச்சிருக்கீங்க. மூக்கைப் புடிச்சுக்கிட்டுத் திறந்தா, பக்கத்துல இந்த அம்மணி படுத்திருக்கா. கர்ச்சீப் போர்த்திக்கிட்டு.

– அது டம்மி போன். அதாவது, உள்ள ஒண்ணும் கிடையாது. எடைக்கு ஒரு இரும்புத் துண்டு, முகத்துக்கு ஒரு ஸ்டிக்கர். கையில எப்படி உக்காருதுன்னு பார்க்கிறதுக்குச் செஞ்சது.

– போன் கம்பெனியில டிசைன் பண்றவருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாச்சு, டம்மின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? டிவி பக்கத்துல ரெண்டு கிடக்கு. ஷூ ரேக்குல ஒண்ணு. ஃப்ரிட்ஜ் மேல ஒடைஞ்சது ஒண்ணு. எதுக்காவது கர்ச்சீப் போர்த்தியிருக்கீங்களா? எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீங்க போர்வை போர்த்தினதில்ல.

– கீறல் விழுந்துடக் கூடாதுன்னு...

– சரி. இது யார் கை?

– என்னது?

– யார் கைக்குச் செஞ்சதுன்னு கேக்கிறேன்.

– யார் கைக்கும் இல்ல. பொதுவா.

– பொதுவாச் செஞ்சா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். இங்க பாருங்க. வலது பக்கம் ஸ்கிரீனுக்கு ஓரம் நூல் கணக்கா இருக்கு. இடது பக்கம் மட்டும் சுண்டுவிரல் அகலத்துக்கு ஓரம். சும்மா ஓரமா அது? கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற சதை வந்து சாஞ்சுக்க மெத்தை மாதிரி ஒரு சரிவு. எதிர்ப்பக்க விளிம்புல நாலு விரல் நுனிக்கு நாலு குழி. நான் வலது கையால எடுக்கிறேன், பாருங்க. கட்டைவிரலுக்கு நிக்க இடமில்ல, அந்தரத்துல தொங்குது. இது என் கை இல்ல. யாரோ ஒரு இடது கைக்காரியோட கை.

– இடது கைக்காரங்களும் போன் வாங்குறாங்கம்மா.

– அடேங்கப்பா! இத்தனை வருஷம் அவங்க போன் வாங்காம புறா விட்டுக்கிட்டு இருந்தாங்களாக்கும்.

– பால் பொங்குது பாரு.

– பேச்சை மாத்தாதீங்க.

– நிஜமாவே பொங்குது! அடுப்பை அணை. ஏய், துணியால புடி, சுடும்!

– சுடல. உக்காருங்க.

– வலது கையைக் காட்டு இப்படி. வெறுங்கையால அப்படியே தூக்கிட்டியே.

– கோவத்துல இருக்கிறவளுக்குச் சூடு தெரியுமா? உக்காருங்கன்னேன். டீ தர்றேன். ஆனா குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்தாகணும். ஸ்கேல்காரி இடது கைதானே?

– யாரு?

– நல்லா இருக்கு. போன வருஷம் உங்க ஆபீஸுக்குப் புதுசா வந்தாளே, கழுத்துல ஐடி கார்டோட ஒரு ஸ்கேலையும் சேர்த்து மாட்டிக்கிட்டு. போறவங்க வர்றவங்க கையையெல்லாம் புடிச்சு அளக்கிறவ.

– அவங்களுக்கு வேலையே அது. அதாவது, ஜனங்க போனை, டேப்லெட்டை எப்படிப் புடிக்கிறாங்க, விரல் எங்க எட்டுது, எங்க வலிக்குதுன்னு பார்க்கிறது. அதுக்குன்னே படிச்சுட்டு வந்தவங்க.

– நானும் லேப்ல தினமும் கை புடிக்கிறவதான். சட்டையை மடிச்சு விட்டு, நரம்பு பார்த்து, ரத்தம் எடுத்து, பஞ்சு ஒட்டி அனுப்பிடுவேன். எந்தக் கையையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேனா? உங்க ஸ்கேல்காரி கை மட்டும் தினமும் சாப்பிடுற நேரத்துக்குக் கரெக்டா வந்துடுது. "மேடம் கட்டைவிரல் எவ்வளவு தூரம் எட்டுது தெரியுமா?", "மேடம் ஒத்தைக் கையாலேயே டைப் பண்றாங்க தெரியுமா?" நான் தட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கணும்.

– வேலை விஷயத்தை உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட போய்ச் சொல்றது?

– செவ்வாய்க்கிழமை ஆனா இஸ்திரி போட்ட சட்டை. மத்த நாள் எதைக் குடுத்தாலும் மாட்டிக்கிட்டுப் போறீங்க. செவ்வாய்க்கிழமை யார்கூட மீட்டிங்?

– ...டீமோட.

– டீம்ல யாரு?

– எல்லாரும்தான். மேடமும்.

– அன்னிக்கு ஆபீஸ் பார்ட்டியில நானும் பார்த்தேன். ஜூஸ் டம்ளரை இடது கையால புடிச்சிருந்தா. இடது கையாலயே பாட்டில் மூடி திறந்தா. அப்புறம் உங்களைப் பார்த்து, "எங்க, உள்ளங்கையை நீட்டுங்க"ன்னா. நீங்க டீச்சர்கிட்ட அடி வாங்கப் போற பையன் மாதிரி உடனே நீட்டுனீங்க. அவ உள்ளங்கையை உங்க உள்ளங்கை மேல ஒட்ட வச்சா.

– அது அளவு பார்க்க!

– ஸ்கேல் கழுத்துலதானே தொங்கிக்கிட்டு இருந்துச்சு?

– நீ இதையெல்லாம் நின்னு பார்த்துக்கிட்டா இருந்த?

– கேக் தின்னுக்கிட்டே பார்த்தேன். இன்னொரு துண்டு வாங்கிக்கிட்டு வந்தும் பார்த்தேன்.

– சீ, இதுக்குப் போய்...

– முன்னாடியெல்லாம் யார் கையை அளப்பீங்க? கல்யாணமான புதுசுல, சோப்பைச் செதுக்கி போன் மாதிரி செஞ்சு எடுத்துட்டு வருவீங்க. "இதைப் புடி, அதைப் புடி, எது உறுத்துது சொல்லு"ம்பீங்க. குளிக்கிறதுக்கு வீட்டுல சோப்பு இருக்காது. உங்க முதல் போனே என் வலது கை அளவுதான். அதை வாங்கின லட்சம் பேரும் என் கையைத்தான் புடிச்சுக்கிட்டுத் திரியிறாங்கன்னு நான் பஸ்ல போறப்ப எனக்கு நானே சிரிச்சுக்குவேன். இப்ப எவளோ ஒருத்தி வந்து அந்த இடத்துல கையை நீட்டுறா.

– அப்படியெல்லாம் இல்லடி.

– இல்லையா? சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. ஓரம்னாலே உங்களுக்கு ஆகாது. இதோ என் கையில இருக்கே இந்தப் போன், நீங்க செஞ்சதுதான். "கரையே இல்லாத கடல்"னு மேடையேறிப் பேசுனீங்க. யாராவது கறுப்பு ஓரம் வச்ச பழைய போனை எடுத்தா, துக்கச் செய்தி மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்ணுவீங்க. அப்படிப்பட்ட மனுஷன், கொஞ்ச நாளா ஓரம், ஓரம்னு உருகுறீங்க. யார் வந்து மாத்துனா உங்களை?

– யாரும் மாத்தல. தப்புன்னு புரிஞ்சது. அதாவது, கடையில போனைப் பார்த்து மயங்குறது கண்ணு. வீட்டுக்கு வந்தப்புறம் அதைச் சுமக்கிறது கை. ஓரமே இல்லைன்னா கட்டைவிரலோட அடிப்பக்கச் சதை ஸ்கிரீன்ல பட்டுக்கிட்டே இருக்கும். படிச்சுக்கிட்டு இருக்கிறப்பவே பக்கம் ஓடிடும். தெரியாம யாருக்காவது போன் கால் போயிடும். படக் கூடாதேன்னு ஜனங்க விரல் நுனியால நண்டு மாதிரி புடிக்கிறாங்க. மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்? கடைசியில கடைக்குப் போய் தடியா ஒரு கவர் வாங்கி மாட்டிக்கிறாங்க. நாங்க ராப்பகலா உக்காந்து எடுத்த ஓரத்தை அவங்க தனியா வாங்கி ஒட்டிக்கிறாங்க.

– இது யாரோட வசனம்?

– ...மேடம் சொன்னது.

– பார்த்தீங்களா!

– யார் சொன்னா என்ன, உண்மைதானே?

– நான் முதல் நாளே சொன்னேன். "ஏங்க, படுத்துக்கிட்டுப் பார்த்தா இது வழுக்கிக்கிட்டு மூஞ்சி மேல விழுதுங்க"ன்னேன். என்ன சொன்னீங்க? "படுத்துக்கிட்டுப் பார்க்காதே"ன்னீங்க. அதையே அவ இங்கிலீஷ்ல சொன்னா ஞானம்!

– சரி, என் தப்புதான். இப்ப அதைக் குடு. நாளைக்கு பாஸ் முன்னாடி மீட்டிங். அவருக்கு ஓரம்னாலே பேயைப் பார்த்த மாதிரி. இந்த டம்மியை அவர் கையில குடுத்துத்தான் நான் பேசியாகணும்.

– தர மாட்டேன். ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டாலும் போடுவேன். அவ கையை அச்சு எடுத்த மாதிரி செஞ்சு, அதைக் கர்ச்சீப்ல சுத்தி, என் வீட்டுக்கே கொண்டுவந்து...

– அது அவங்க கை இல்ல!

– அப்ப யாரோ ஒருத்தியோட கைதான்னு ஒத்துக்கிறீங்க. சொல்லுங்க. அவ இல்லைன்னா வேற எவ?

– எவளும் இல்ல. எவன்னுதான் தெரியல.

– என்ன சொன்னீங்க?

– ஒண்ணும் சொல்லல.

– "எவன்"னீங்க.

– உன் போனை இப்படிக் குடு.

– எதுக்கு?

– பார்த்தியா, உடனே மாரோட அணைச்சுக்கிற. கொஞ்ச நாளாவே அப்படித்தான், நான் தொட்டாப் பிடுங்கிக்கிற. குடு. லாக் எடுக்க வேணாம், உள்ள என்ன இருக்குன்னு நான் பார்க்க மாட்டேன். இருட்டா இருக்கிற ஸ்கிரீன் போதும் எனக்கு. ஜன்னல் வெளிச்சத்துல இப்படிச் சாய்ச்சுப் பிடிக்கிறேன். என்ன தெரியுது?

– தூசி.

– ரேகை. கட்டைவிரல் இழுத்த ரேகை. கீழ இடது மூலையில ஆரம்பிச்சு விசிறி மாதிரி விரிஞ்சு போகுது பாரு. வலது கையால புடிச்சா விசிறி வலது மூலையில இருந்துதான் விரியும். இதுல ஒண்ணுகூட அப்படி இல்ல. வலது விளிம்பைப் பாரு, ஸ்கிரீன் மேல ஒட்டுன பாதுகாப்புத் தாள் நாலு இடத்துல தூக்கிக்கிட்டு இருக்கு. நாலு விரல் நுனி அழுத்துன இடம். கவர்ல இடது மூலை மட்டும் மழமழன்னு தேஞ்சிருக்கு. நீ வலது கைக்காரி. இந்தப் போனை நீ இடது கையால புடிச்சு நான் பார்த்ததே கிடையாது. என் எதிர்ல எப்பவும் வலது கைதான். அப்ப தினமும் இதை மணிக்கணக்கா வச்சுப் பார்க்கிற இடது கை யாரோடது? புருஷன் தொடக் கூடாத போனைத் தொடுற அளவுக்கு உரிமை உள்ள ஆள் யாரு?

– எத்தனை நாளா இதை மனசுல வச்சிருக்கீங்க?

– மழை ஆரம்பிச்சதுல இருந்து. ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுல இருக்கிற எல்லா ஸ்கிரீனையும் துடைச்சு வைப்பேன்ல? அப்ப ஒரு தடவை கண்ணுல பட்டுது. அதுக்கப்புறம் துடைக்கிறதே இல்ல. நீ குளிக்கப் போறப்ப எடுத்துப் பார்க்கிறதோட சரி.

– அப்ப இந்த டம்மி...

– அந்தக் கைதான். ரேகையை அளந்தேன். விசிறி எவ்வளவு தூரம் விரியுது, விரல் எங்க எங்க பதியுதுன்னு எல்லாம் குறிச்சேன். யார் போன்னு சொல்லாம மேடம்கிட்ட போட்டோ காட்டினேன். "சின்னக் கைதான். ஆனா இந்த ஆள் போனை உயிரைப் புடிக்கிற மாதிரி புடிக்கிறாரு"ன்னாங்க. அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல.

– ஏன்?

– உன் புடி எனக்குத் தெரியாதா? பட்டாம்பூச்சியைப் புடிக்கிற மாதிரி புடிப்ப. நான் முதல் தடவை பார்த்து அசந்து போனதே அதைத்தான். இது வேற ஆள். இறுக்கிப் புடிக்கிற ஆள். உன்னோட எதையோ விடவே மாட்டேங்கிற ஆள்.

– அதுக்காக அந்த ஆளுக்கு மெத்தை போட்டு ஒரு போன் செஞ்சீங்களா?

– எதிரி மூஞ்சிதான் தெரியல, கையாவது தெரியட்டுமேன்னு செஞ்சேன்.

– செஞ்சு?

– உங்க லேப் கவுண்டர்ல இருக்கானே, அந்தச் சிரிப்புக்காரன்...

– ஓ! அதுக்குத்தான் வியாழக்கிழமை லேப் பக்கம் வந்தீங்களா? "அக்கா, உங்க வீட்டுக்காரர் வந்து என் கையில எதையோ திணிச்சு, இடது கையால புடிங்க, புடிங்கன்னாரு. புடிச்சதும் பெருமூச்சு விட்டுட்டுப் போயிட்டாரு"ன்னான். உங்களுக்குச் சர்க்கரை இறங்கிப் போச்சோன்னு பாவம், அவன் கவலைப்பட்டான்.

– அவன் இடது கைக்காரன். ரசீது எழுதுறப்பப் பார்த்திருக்கேன். எப்பப் பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கிட்டு. நீ வேற ஊசி ரூமை விட்டுட்டு, திடீர்னு கவுண்டருக்குப் போய் அவன் பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்ட.

– நின்னு நின்னு கால் வலிச்சுது.

– உன்கிட்டதான் ரத்தம் குடுப்பேன்னு ஜனங்க அடம் புடிச்சுக் காத்துக்கிட்டு இருப்பாங்க. கண்ணுக்கே தெரியாத நரம்பைத் தடவியே கண்டுபுடிச்சு ஒரே குத்துல எடுப்ப. குழந்தைங்ககூட அழாதுங்க. அப்பேர்ப்பட்டவ ரசீது கிழிக்கப் போறான்னா நான் என்னன்னு நினைக்கிறது?

– உக்காரணும்னு தோணுச்சு, உக்காந்தேன். அவன் கையில பொருந்துச்சா, அதைச் சொல்லுங்க.

– எங்க பொருந்துச்சு? அவன் கை மண்வெட்டி மாதிரி இருக்கு. கட்டைவிரல் பாதி ஸ்கிரீனை மறைச்சுடுச்சு.

– அதோட விட்டிருக்கலாமே.

– விட முடிஞ்சா விட மாட்டேனா? லிஃப்ட்ல உங்க பெரிய டாக்டர் வந்தாரு...

– ஐயோ! அவர்கிட்டயுமா?

– "சின்ன சர்வே சார்"னேன். அவர் பயந்துபோய் ரெண்டு கையாலயும் புடிச்சாரு, ஏதோ கண்ணாடி ஜாடியை வாங்குற மாதிரி. அவர் இல்ல. செக்யூரிட்டி வலது கை. சாம்பிள் பெட்டியை பைக்ல எடுத்துட்டுப் போறவர் க்ளவுஸைக் கழட்ட மாட்டேன்னுட்டாரு.

– மொத்த லேபுக்கும் கை ஜோசியம் பார்த்துட்டு வந்திருக்கீங்க!

– சிரிக்காதே. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? ஒவ்வொருத்தன் கையையும் பார்த்து, இதுவா, இதுவான்னு... பஸ்ல கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவன் கையைக்கூட அளந்துக்கிட்டு வர்றேன். நேத்து ஒருத்தன், "என்ன சார், மோதிரம் வேணுமா?"ன்னு கேட்டுட்டான்.

– சரி, சரி. சிரிக்கல. டீயைக் குடிங்க.

– நீயும் சும்மா இருந்தியா? உன் நடவடிக்கையே மாறிப் போச்சு. வாரத்துக்கு ஒரு கப் ஒடையுது. ஆசைப்பட்டு வாங்குன நீலக் கப்கூட நழுவிப் போச்சு. சாவியைக் கையில வச்சுக்கிட்டே வீடு பூரா சாவி தேடுற. லேப் கோட்டுப் பட்டன் போட அவ்வளவு நேரம் ஆகுது. மனசு இங்க இல்லாதவங்கதான் அப்படி இருப்பாங்க.

– மனசு இங்கதாங்க இருக்கு.

– அப்ப அது யார் கை?

– சொன்னா வருத்தப்படக் கூடாது.

– சொல்லு. யாரா இருந்தாலும் பரவாயில்ல. தெரியாம இருக்கிறதுதான் கொல்லுது.

– என் கைதாங்க.

– என்னது?

– இந்தா, இந்த இடது கை. நீங்க வீட்டுல இல்லாதப்ப நான் இடது கையாலதான் போன் புடிக்கிறேன். நீங்க வர்ற சத்தம் கேட்டா வலதுக்கு மாத்திக்குவேன்.

– எதுக்கு?

– வலது கையில ஒரு வலி. பெரிசா ஒண்ணுமில்ல, கொஞ்சம். உங்க கரையே இல்லாத கடலை நண்டு மாதிரி புடிச்சுப் புடிச்சு வந்ததா இருக்கும். அதான் இடதுக்கு மாறினேன். புதுப் பழக்கமாச்சே, கீழ போட்டு ஒடைச்சுடுவேனோன்னு பயம். அதனால இறுக்கிப் புடிச்சேன். உங்க மேடம் சொன்ன உயிர்ப்புடி அதுதான்.

– அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?

– எப்படிச் சொல்றது? உங்களுக்குப் பேர் வாங்கிக் குடுத்த போன். எங்க போனாலும் "என் வீட்டுக்காரர் செஞ்சது"ன்னு நான் எடுத்துக் காட்டுற போன். அதைப் புடிச்சாக் கை வலிக்குதுன்னு பொண்டாட்டியே சொன்னா உங்க மூஞ்சி எங்க போய் விழும்? அதான் உங்க எதிர்ல நல்லாப் புடிக்கிற மாதிரி நடிச்சேன்.

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான்.

– போனைப் பிடுங்கினது?

– கை வலிக்கு என்ன பண்றதுன்னு அதுலதானே தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க பார்த்துடுவீங்கன்னுதான்.

– அடிப்பாவி! வேற யாரும் இல்ல?

– வேற யாரு? உங்க ஒருத்தரைச் சமாளிக்கவே எனக்கு ரெண்டு கை பத்தல.

– அப்ப இத்தனை நாளும் நான் வயிறெரிஞ்சது...

– என் கையைப் பார்த்து. இன்னிக்கு நான் எரிஞ்சதும் அதே கையைப் பார்த்துத்தான். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஒரு பாவப்பட்ட கையைத் திட்டித் தீர்த்திருக்கோம்.

– இரு, இரு. அப்படின்னா இந்த டம்மி உனக்குப் பொருந்தியாகணுமே!

– நான் வலது கையாலதானே எடுத்துப் பார்த்தேன். உங்க எதிர்ல இடது கையை நீட்டுற பழக்கமே விட்டுப் போச்சு.

– மேசைகிட்ட வா. உக்காரு. கண்ணை மூடிக்கோ. எங்க டெஸ்டுல இப்படித்தான் பண்ணுவோம். கண்ணு திறந்திருந்தா, புடிக்கலைன்னாலும் கை புடிச்சிருக்குன்னு பொய் சொல்லும்.

– மூடிட்டேன். இந்தாங்க இடது கை.

– வலது கையை மேசை மேல அப்படியே விட்டுடு. அது உதவிக்கு வரக் கூடாது. ம், இப்பப் புடி. இறுக்காதே.

– விழுந்துடுங்க.

– விழாது. கட்டைவிரலோட அடிப்பக்கச் சதையை அந்த ஓரத்துல சாய். இன்னும் கொஞ்சம். இப்ப விரலையெல்லாம் தளர விடு. எப்படி இருக்கு? உறுத்துதா?

– இல்லங்க. நான் இதைப் புடிக்கவே இல்ல. இது என்னைப் புடிச்சுக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு விரலும் தானாப் போய் அதது இடத்துல உக்காந்துக்குது.

– மேல மூலையைத் தொடு.

– தொட்டுட்டேன்.

– நடுவுல ஏதாவது தெரியாமப் பட்டுச்சா?

– எதுவும் படல. ஓரத்து மேலதான் சாஞ்சிருக்கு.

– பார்த்தியா! அவ்வளவு ஆத்திரத்துல செஞ்சது எவ்வளவு கச்சிதமா வந்திருக்கு பாரு. இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒண்ணு செஞ்சதில்ல. நாளைக்கு பாஸ்கிட்ட சொல்லிடுறேன். "சார், பொண்டாட்டியோட கள்ளக் காதலன் கைன்னு நினைச்சு செஞ்சேன், பார்த்தா பொண்டாட்டி கை"ன்னு.

– மானத்தை வாங்காதீங்க. உங்க மேடம் விழுந்து விழுந்து சிரிப்பா.

– சிரிக்கட்டும். செவ்வாய்க்கிழமை கசங்கின சட்டையே போட்டுக்கிட்டுப் போறேன், போதுமா?

– அது வேணாம். இஸ்திரி போட்டே போங்க. ஆனா என்னோட கோயிலுக்கு வர்ற வெள்ளிக்கிழமையும் போடுங்க.

– அப்புறம், அந்த வலிக்கு மணிக்கட்டுல ஒரு பட்டை வாங்கிக் கட்டிப்போம். ரெண்டு வாரத்துல சரியாப் போயிடும். நீ மறுபடி ஊசி ரூமுக்கே போயிடு. கவுண்டர் உனக்கு ஒட்டல.

– ம்.

– என்ன வெறும் "ம்"?

– ஒண்ணுமில்ல. கண்ணைத் திறக்கலாமா?

– கொஞ்ச நேரம் மூடிக்கிட்டே இரு. இப்படி உன்னை உக்கார வச்சுப் பார்த்து ரொம்ப நாளாச்சு.

– ஏங்க.

– சொல்லு.

– என் மேல இருந்த கோவமெல்லாம் போயிடுச்சா?

– போயே போச்சு.

– அப்ப வலது கை சும்மாத்தானே மேசை மேல கிடக்கு. அதைக் கொஞ்ச நேரம் புடிச்சுக்கோங்களேன்.

– என்னம்மா இப்படிக் கேக்கிற? அப்ப இருந்து அழுத்திப் புடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்.